சீட்டு வந்தது, மாத்திரை வரவில்லை

கிராமத்தில் டெலிமெடிசின் ஏன் எடுபடவில்லை என்று எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் முதல் பதில், ‘டவர் கிடைக்கிறதில்லைங்க’ என்பதுதான். இரண்டாவது பதில், ‘ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை.’ முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, சொல்கிறவருக்கு வசதியான பதில்.

கல்வராயன் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவ அலுவலராக இருந்தவள் நான். ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகள் நகரத்தில் ஓர் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அதே மாதிரி ஊர்களிலிருந்து வரும் நோயாளிகளைக் கணினித் திரையில் பார்த்தேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், மக்கள் வரத்தான் செய்கிறார்கள். டாக்டர் திரையில் தெரிகிறார் என்றால் பாட்டிகள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்காருகிறார்கள், கும்பிடு போடுகிறார்கள், பேரன் பேத்தி கதைவரை சொல்கிறார்கள். முதல் முறை வந்தவர்கள் இரண்டாம் முறை ஏன் வருவதில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மலைமேல் இருக்கும் ஒரு துணை சுகாதார நிலையத்திலிருந்து ஒருநாள் ஒரு பெரியவரைக் காட்டினார்கள். சர்க்கரை நோயாளி, வலது பாதத்தில் புண். ஏதோ குத்தியிருக்கிறது, எப்போது குத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு அப்படித்தான், புண் கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும். திரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் மங்கலான ஒரு பழுப்பு நிறம்.

“சிஸ்டர், அவரைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா உட்கார வைங்க. டேப்பைக் கிட்ட கொண்டு போங்க. புண்ணைச் சுத்தித் தொட்டுப் பாருங்க, சூடா இருக்கா?”

“சூடாத்தான் இருக்குங்க மேடம். சிவந்து வீங்கியிருக்கு.”

“ஓரம் எங்கயாவது கறுத்திருக்கா?”

“இல்லீங்க மேடம்.”

“பாதத்து மேல்பக்கம் நாடி தட்டுப்படுதா பாருங்க.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை, அந்தப் பெண் தலையைக் குனிந்து விரலை வைத்தபடி இருந்தார்.

“லேசா தட்டுப்படுதுங்க மேடம்.”

அவ்வளவுதான், எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ரத்த ஓட்டம் அடியோடு நின்றுபோகவில்லை. அன்றைக்கே சேலத்துக்கு ஓட வேண்டியதில்லை. புண்ணைக் கழுவிக் கட்டி, ஆன்டிபயாட்டிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி காட்டச் சொல்லலாம். கேமராவுக்குச் சூடு தெரியாது, நாடி தெரியாது, சீழ் வாடை தெரியாது. அன்று பார்த்தது அந்தச் செவிலியரின் விரல். நான் கேள்வி மட்டும் கேட்டேன். இதே கேள்விக்கு வேறொரு நிலையத்திலிருந்து ‘தெரியலீங்க மேடம்’ என்று பதில் வரும். அப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிவிடுவேன், எந்த டாக்டரும் அதைத்தான் செய்வார். பஸ் செலவையும் ஒருநாள் கூலியையும் மிச்சம் பிடிக்க வந்தவரிடம் ‘பஸ் ஏறுங்கள்’ என்று சொல்லி அனுப்ப ஒரு டேப், ஒரு டாக்டர், ஓர் இணைய இணைப்பு.

‘தெரியலீங்க’ என்ற அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. காலையில் தடுப்பூசி, பிறகு பிக்மி இணையதளத்தில் கர்ப்பிணிப் பதிவு, காய்ச்சல் கணக்கு, சர்க்கரை–பிபி கணக்கு, நடுவில் ஆய்வுக்கு யாராவது வந்தால் அவருக்கு விளக்கம், இத்தனைக்கும் நடுவில்தான் டேப்பைத் திறக்கிறார். பலருக்கு ஒப்பந்தச் சம்பளம். பயிற்சி என்று கூப்பிட்டு, செயலியில் எப்படி நுழைவது, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். டாக்டர் பக்கத்தில் இல்லாதபோது வயிற்றை எங்கே அமுக்கிப் பார்ப்பது, நெஞ்சில் எந்த இடத்தில் ஸ்டெதாஸ்கோப் வைப்பது, கேட்டதை டாக்டருக்கு எந்தச் சொற்களில் சொல்வது என்று யாரும் உட்கார வைத்துக் கற்றுத்தருவதில்லை. அது ஒரு நாள் பயிற்சியில் வருவதும் இல்லை.

அந்தப் பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். நான் எழுதிய மருந்து துணை நிலையத்து அலமாரியில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தது. அவர் பஸ் பிடித்து இறங்கி அங்கே போயிருக்கிறார். மருந்து கொடுக்கும் இடத்தில், “இது நம்ம டாக்டர் எழுதின சீட்டு இல்லையே, ஓபி சீட்டு போட்டு டாக்டரைப் பார்த்துட்டு வாங்க” என்றார்களாம். அப்போது ஓபி நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் வரச் சொன்னார்கள், அவர் போகவில்லை. அடுத்த வாரம் மகன் வந்து தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக சிஸ்டர் சொன்னார். எங்கள் கணக்கில் அந்தப் பெரியவர் ‘ஆலோசனை நிறைவுற்றது’ என்ற பட்டியலில்தான் இருக்கிறார்.

மருந்து கொடுக்கிறவர் மேலும் எனக்குக் கோபமில்லை. தணிக்கை வந்தால் இருப்புக்கும் செலவுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வேறு ஊர் டாக்டரின் சீட்டுக்கு மாத்திரை கொடு என்று அவர் கையில் யாரும் எழுத்து மூலமாகக் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2020 மார்ச் 25, நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் அப்போதிருந்த ஆளுநர் குழு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. திரைவழி டாக்டர் எழுதும் சீட்டு செல்லும் என்று அதில் இருக்கிறது. அடுத்த மாதமே மத்திய அரசின் டெலிமெடிசின் சேவையான இ-சஞ்சீவனியில் ஓபிடி வந்தது, அதைத் தொடக்கத்திலேயே அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2023 பிப்ரவரியில் நாடு முழுவதுமாக இ-சஞ்சீவனி 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். டெல்லியில் போட்ட விதி மலையடிவாரத்து மருந்து ஜன்னலுக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆகும் என்று மட்டும் எந்த அறிவிப்பிலும் இல்லை.

டவர் பற்றிய பாதி உண்மைக்கு வருகிறேன். மழை பிடித்தால் மலையில் இணைப்பு அறுந்துபோவது வாடிக்கை. அப்போது படம் போய்க் குரல் மட்டும் நிற்கும். பேச்சுதான் கேட்கிறதே, மருந்து எழுத வேண்டியதுதானே என்று தோன்றும். முடியாது. அதே நெறிமுறைகள் மருந்துகளைப் பட்டியல் பட்டியலாகப் பிரித்திருக்கின்றன. பாராசிட்டமால் மாதிரிச் சில மருந்துகளை எப்படிப் பேசினாலும் எழுதலாம். பெரும்பாலானவற்றை முதல் முறை வருகிறவருக்கு வீடியோவில் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். போதை மருந்து வகைகளை எழுதவே கூடாது. விதி நியாயமானதுதான், முகம் பார்க்காமல் மருந்து எழுதுவது ஆபத்து. ஆனால் அதன்படி பார்த்தால், சிக்னல் போனால் படம் மட்டும் போவதில்லை, என் பேனாவும் போய்விடுகிறது. நல்ல டவர் உள்ள ஊர்க்காரருக்கு முழு மருத்துவம், மலைக்காரருக்குப் பாராசிட்டமால்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் திட்டம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை வரும் அந்தக் கேபிள், அங்கிருந்து துணை சுகாதார நிலையத்துக்கு யார் செலவில் வரும்? இரண்டும் வெவ்வேறு துறைகள். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் யார் வாங்குவது, பேட்டரி செத்தால் யார் மாற்றுவது? இதற்கெல்லாம் தனியாகக் கணக்குத் தலைப்பு இல்லாததால், பல இடங்களில் சிஸ்டர்கள் தங்கள் சொந்தப் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் அரசாங்கத்தின் டெலிமெடிசினை நடத்துகிறார்கள். ரீசார்ஜ் அவர்கள் காசு.

வீட்டிலிருந்தே பேசலாமே என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். பதிவு செய்ய ஒரு செல்போன் எண் வேண்டும், அதற்கு ஓடிபி வரும். மலையில் பல வீடுகளில் அந்த எண் மகனுடையது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான். ஓடிபி வந்த நேரத்தில் அவன் மெஷினில் உட்கார்ந்திருப்பான், சாப்பாட்டு நேரத்தில் பார்த்துச் சொல்லும்போது அது காலாவதியாகியிருக்கும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று, 2019–21இல் எடுத்தது, அதையே எண்ணாகச் சொல்கிறது. இந்தியாவில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்கும் பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். தான் சொந்தமாகப் பயன்படுத்தும் செல்போன் உள்ள பெண்கள் 54 சதவீதம்தான். மற்ற வீடுகளில் போன் என்றால் அது கணவருடையது, மாமனாருடையது, கொழுந்தனுடையது. வெள்ளைப்படுதல் என்று சொல்ல வந்த ஒரு மருமகள், போனைக் கையில் பிடித்துக்கொண்டு கொழுந்தன் பக்கத்தில் நின்ற காரணத்தால் கடைசிவரை ‘தலைவலிங்க’ என்றே சொல்லிவிட்டுப் போனாள். தலைவலிக்கு மாத்திரை எழுதினேன். வேறு என்ன செய்வது? “தம்பி, கொஞ்சம் வெளியே போங்க” என்று நேரில் இருந்தால் சொல்லியிருப்பேன். போனே அவருடையதாக இருக்கும்போது அவரை எங்கே போகச் சொல்வது?

டார்கெட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நிலையத்துக்கு ஒரு நாளைக்கு இத்தனை வீடியோ கால் என்று மேலிருந்து எண்ணிக்கை வரும். மாலைக்குள் எண்ணிக்கை வரவில்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் நிலையத்தின் பெயர் சிவப்பில் வரும். பிறகு என்ன நடக்கும்? ஏற்கெனவே மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பியவரைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்து, “டாக்டரம்மாகிட்ட ஒரு வணக்கம் சொல்லிட்டுப் போங்க” என்பார்கள். சளி, அரிப்பு, உடம்புவலி என்று பகல் மூன்று மணிக்கு மேல் வரிசையாக வரும் கால்களைப் பார்த்தாலே எனக்குப் புரிந்துவிடும். இந்த வரிசைக்குப் பின்னால், நிஜமாகவே மூச்சு வாங்குகிற ஒருவர் எந்த ஊரிலோ காத்திருப்பார். 10 கோடி என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அதில் வணக்கம் எத்தனை, வைத்தியம் எத்தனை என்று யோசிப்பேன். பொய்க்கணக்கு எழுதுகிறவர்களைவிட, எழுத வைக்கிற எண்ணிக்கைதான் குற்றவாளி.

சரியாக நடத்திக் காட்டியவர்களும் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவில் தேனிப் பக்கத்தில் சிற்றூர்க் கண் மையங்களைத் தொடங்கியது. அப்போது அங்கே நல்ல இணைய இணைப்பு கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, வீட்டில் நாம் வைத்திருக்கும் வைஃபை வகையையே மாற்றியமைத்து, உயரமான ஆன்டெனாக்கள் வழியே பல கிலோமீட்டர் தூரம் பேச வைத்தார்கள். டவர் இல்லை என்று யாரும் உட்கார்ந்துவிடவில்லை. ஆனால் அந்த மையங்கள் இன்றுவரை நிற்பதற்குக் காரணம் ஆன்டெனா அல்ல என்பது என் கருத்து. ப்ளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, அவர்களை அங்கே உட்கார வைத்தார்கள். நோயாளியின் கண்ணை ஸ்லிட் லாம்ப்பில் அந்தப் பெண்தான் பார்க்கிறார், பார்வை அளவும் அவர்தான் எடுக்கிறார். எல்லாம் முடிந்த பிறகே மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் திரையில் வந்து பேசுகிறார். கண்ணாடி வேண்டுமென்றால் அங்கேயே கிடைக்கும், அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் எந்த மருத்துவமனை என்பது முன்கூட்டியே முடிவானது. எழுதிக் கொடுத்துவிட்டு எங்கேயாவது போய் வாங்கிக்கொள் என்ற பேச்சே இல்லை.

கண் வேறு, வயிறு வேறு என்று சக டாக்டர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். கண்ணில் பெரும்பகுதியைப் படமாகப் பார்த்துவிடலாம், குடல்வாலைப் படமாகப் பார்க்க முடியாது. நெஞ்சுவலிக்கும் பாம்புக்கடிக்கும் திரை உதவாது, 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஓபியில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிபி, சர்க்கரை, தைராய்டு, வலிப்புக்கு மாத்திரை தொடர்கிறவர்கள், தோல் வியாதிக்காரர்கள், மனம் சோர்ந்தவர்கள். திரைக்கு மிகவும் பொருத்தமான நோயாளிகள் இவர்கள்தான்.

இணைப்பும் இயந்திரமும் மட்டும் போதாது என்பதை வெளியூர்க் கதைகளும் சொல்கின்றன. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் சித்தூர் மாவட்டம் அரகொண்டாவில் அப்போலோவின் கிராமத்து டெலிமெடிசின் நிலையத்தை அமெரிக்க அதிபர் கிளின்டன் தொடங்கிவைத்தார். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது, நாம் இன்னும் டவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். 2004-இல் அப்துல் கலாம் ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது முன்வைத்த யோசனையிலிருந்து, ஆப்பிரிக்க நாடுகளை இந்திய மருத்துவமனைகளோடும் பல்கலைக்கழகங்களோடும் செயற்கைக்கோள் வழி இணைக்கும் பெரிய திட்டம் பிறந்து 2009-இல் நடைமுறைக்கு வந்தது. படிப்பு நன்றாக ஓடியது, ஆயிரக்கணக்கானோர் பட்டம் வாங்கினார்கள். நோயாளியைத் திரையில் காட்டி ஆலோசனை கேட்பது அந்த அளவுக்கு நடக்கவில்லை. பாடம் நடத்தத் திரையின் அந்தப் பக்கம் மாணவர் இருந்தால் போதும். நோயாளிக்குப் பக்கத்தில் பரிசோதிக்க ஒரு கை வேண்டும், மருந்து வேண்டும், மறுவாரம் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

ருவாண்டாவின் அனுபவம் எனக்கு இன்னும் உறைக்கிறது. 2016-இல் அங்கே பாபில் என்ற சேவை வந்தது, லண்டனின் பாபிலன் நிறுவனத்துடையது. பட்டன் போனிலேயே பதியலாம். முதலில் செவிலியர் பேசுவார், பிறகு டாக்டர். மருந்துச் சீட்டு ஒரு குறியீடாக எஸ்எம்எஸ்ஸில் வரும், அதைக் காட்டினால் மருந்தகத்தில் மருந்து. அரசுக் காப்பீடும் ஏற்றுக்கொண்டது. நம் பெரியவரை மடக்கிய அந்த மருந்து ஜன்னலை அவர்கள் கடந்துவிட்டார்கள். அப்படியும் 2023-இல் தாய் நிறுவனம் திவாலானதும் ருவாண்டாவில் சேவை நின்றது. பதிவு செய்திருந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். நம் ஊரில் இப்போது பல தனியார் செயலிகள் கிராமத்தைத் தத்தெடுக்கிறோம் என்று வருகின்றன. வரட்டும். நோயாளியின் கோப்பும் தொடர்ச்சியும் அரசின் கையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் ஒப்பந்தம் போடும் அதிகாரிகள் மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இதைச் சரிசெய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பெண் தன்னார்வலர்கள் பிபி கருவியோடும் மாத்திரையோடும் வீட்டு வாசலுக்கே போகிறார்கள். திரையில் டாக்டர் இருக்கிறார், வாசலில் மாத்திரை இருக்கிறது. இரண்டையும் ஒரு கயிற்றில் கட்ட ஏன் இத்தனை தயக்கம்? ஒரு துணை நிலையத்துக்கு ஒரே டாக்டர், வாரத்தில் குறிப்பிட்ட நாள் என்று வையுங்கள். சென்ற வாரம் புண்ணைப் பார்த்தவரே இந்த வாரமும் பார்க்கட்டும். இப்போதுள்ள முறையில் ஒவ்வொரு முறையும் ஒரு புது டாக்டர், ஒவ்வொரு முறையும் ஆதியிலிருந்து கதை. திரைவழிச் சீட்டுக்கு மருந்து கொடுக்கலாம் என்று ஒவ்வொரு மருந்தாளுநர் கையிலும் ஓர் ஆணை இருக்கட்டும். தினசரிக் கால் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு, எழுதிய மருந்து கிடைத்ததா, சொன்ன நாளில் நோயாளி திரும்ப வந்தாரா என்று கணக்கு எடுங்கள். அந்தக் கணக்கு முதலில் அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, செவிலியர்களை வருடத்துக்கு ஒரு மாதமாவது மாவட்ட மருத்துவமனையில் டாக்டரின் பக்கத்தில் நிற்க வையுங்கள். வயிறு பார்க்கட்டும், நாடி பார்க்கட்டும், கால் புண் பார்க்கட்டும். அந்த ஒரு மாதம் நிலையத்தைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் போடப் பணம் இல்லை என்பார்கள். புது டேப் வாங்கப் பணம் இருந்தது, இதற்கும் இருக்கும்.

உங்கள் ஊரில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் சுகாதாரத் துறையிலிருந்து யாராவது வந்து, நம் துணை நிலையத்திலிருந்து இத்தனை பேர் வீடியோவில் டாக்டரைப் பார்த்தார்கள் என்று வாசிப்பார்கள். கைதட்டுவதற்கு முன்னால் எழுந்து நின்று கேளுங்கள், அதில் எத்தனை பேருக்கு எழுதிய மருந்து அன்றைக்கே கையில் கிடைத்தது என்று. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.